பால் மரத்துக்கும் ஓய்வு நாள் உண்டு: கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் நலன் பற்றி ஓர் எளிய விளக்கம்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டின் காலைச் சந்தையிலோ கோயில் அன்னதானப் பந்தியிலோ, பிள்ளை வாசிக்கத் திணறும் ஒரு வீட்டைப் பற்றிப் பேச்சு எழுந்தால் இரண்டு தீர்ப்புகள் உடனே வந்துவிடும். "அம்மாக்காரி கொஞ்சம் கண்டிப்பா இருந்திருந்தா பையன் இந்நேரம் படிச்சிருப்பான்" என்பது ஒன்று. "அந்தப் பொண்ணுக்கு எதுக்கெடுத்தாலும் டென்ஷன், மனச தைரியமா வெச்சிக்க வேணாமா?" என்பது மற்றொன்று. முதல் தீர்ப்பு, பிள்ளையின் மூளை எழுத்தைக் கையாளும் விதத்தைத் தாயின் குற்றமாக்குகிறது. இரண்டாவது, தாயின் உடலில் நடக்கும் மாற்றத்தை அவருடைய துணிவின்மையாக்குகிறது. தமிழ்ப்பள்ளி ஆசிரியராக இருந்த காலத்தில் முதல் தீர்ப்பை நானும் நாகரிகமான சொற்களில் பலமுறை சொல்லியிருக்கிறேன்: "வீட்டில் கொஞ்சம் கவனம் செலுத்துங்கள், அம்மா." அதற்குத் தலையாட்டிவிட்டு, தொழிற்சாலைச் சட்டையோடு வகுப்பறையை விட்டு வெளியேறிய பெண்களை நான் மறக்கவில்லை. பெற்றோர் நலன் என்ற சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது என்பது அன்று எனக்குத் தெரிந்திருந்தால், நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறாக இருந்திருக்கும். அந்தச் சொல்லை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறேன்.

## பிள்ளைக்கு என்ன?

பேச்சு, கேட்டுக் கேட்டுத் தானாக வந்துவிடுகிறது. எழுத்து அப்படி வருவதில்லை. அதைக் கண்ணால் பிரித்து, ஒலியோடு பொருத்தி, மீண்டும் சொல்லாகக் கூட்ட வேண்டும். "கெ" என்று எழுதும்போது கொம்பு முதலில் வருகிறது, ஆனால் அது குறிக்கும் உயிரொலியோ மெய்க்குப் பின்னால் ஒலிக்கிறது. "கொ" என்றால் மெய்யின் இரு பக்கமும் குறிகள் நிற்கின்றன. கடல், தங்கம், அகம் ஆகிய மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிக்கிறது. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றை யாரும் தனியாகச் சொல்லாமலே உள்வாங்கிக்கொள்கிறார்கள். சில பிள்ளைகளின் மூளை, எழுத்தையும் ஒலியையும் இணைக்கும் இந்த வேலையைத் தானியங்கியாகச் செய்வதில்லை. ஒவ்வொரு சொல்லையும் புதிதாகப் பார்ப்பதுபோல் உழைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. அறிவுக்கூர்மை போதிய அளவு இருந்தும், முறையாகக் கற்பித்தும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் ஒன்றிலோ பலவற்றிலோ நீடிக்கும் இத்தகைய தடையைக் கற்றல் குறைபாடு என்கிறோம். வாசிப்பில் வருவது டிஸ்லெக்சியா. இந்தப் பெயரை 1880களில் ஜெர்மானியக் கண் மருத்துவர் ருடோல்ஃப் பெர்லின் வைத்தார். எழுதுவதில் வருவது டிஸ்கிராஃபியா, எண்களில் வருவது டிஸ்கால்குலியா.

இது அரிதானதன்று. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, மொழி எதுவாயினும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் 100க்கு 5 முதல் 15 பேரிடம் கற்றல் குறைபாடு காணப்படுவதாகக் கூறுகிறது. அந்தக் கணக்கில் முப்பது பேர் உள்ள ஒரு வகுப்பில் ஒருவர் முதல் நான்கு பேர் வரை இருக்கலாம். நம் பிள்ளைகள் முதலாம் ஆண்டிலேயே தமிழ் எழுத்து ஒரு பக்கமும், மலாய்க்கும் ஆங்கிலத்துக்குமான உரோமன் எழுத்து மறுபக்கமுமாகக் கற்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். மலாய் மொழியில் எழுதுவதும் ஒலிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு இல்லை. ஒரே பிள்ளை மலாயில் மெதுவாகவேனும் படித்து, ஆங்கிலத்தில் அடியோடு தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். "மலாய் வருது, இங்கிலீஷ் மட்டும் வரலன்னா அது சோம்பேறித்தனம்தானே" என்ற வாதம் இங்கேதான் தவறுகிறது.

## நலன் என்பது சிரித்த முகமா?

இனிப் பெற்றோரிடம் வருவோம். பலர் நலன் என்றால் கவலையில்லாமல் இருப்பது என்று எண்ணுகிறார்கள். கவலையில்லாத பெற்றோர் எங்கும் இல்லை. நலன் எது என்பதை விளக்க எனக்குத் தெரிந்த மிகப் பொருத்தமான ஒப்புமை, நம் பாட்டன்மார் கையாண்ட பால் மரம், அதாவது ரப்பர் மரம்.

விடியும் முன்பே நிரைக்கு, அதாவது தமக்குரிய மர வரிசைக்குப் போய்ப் பட்டையில் சாய்வாகக் கீறினால், அங்குள்ள நுண்குழாய்களிலிருந்து பால் வடிந்து மங்கு என்னும் கிண்ணத்தில் சேரும். அந்த நேரத்தில் மரத்துக்குள் நீரழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்றாக இறங்கும். சில மணி நேரத்தில் வெட்டுவாய் உறைந்து அடைத்துக்கொள்ளும். அதன் பிறகு மரம் இழந்த பாலை மீண்டும் உருவாக்கத் தொடங்குகிறது. அதற்கு நேரம் தேவை. ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டும் முறை அதனால்தான் வந்தது. ஓய்வு கொடுக்காமல் அடிக்கடி வெட்டினால், பச்சைப் பசேலென்று இலையோடு நிற்கும் மரத்தின் வெட்டுவாய் வறண்டுபோகும். எவ்வளவு கூரிய கத்தியை வைத்தாலும் பால் வராது. மரத்தைப் பார்த்து "உனக்குத் துணிவில்லை" என்று தோட்டத்தின் எந்த மண்டோரும் (மேற்பார்வையாளரும்) சொன்னதில்லை. அந்த மரத்தை வெட்டாமல் விடச் சொல்வார்.

பெற்றோரின் பொறுமை, கவனம், தூக்கம், பணம், உடல் வலு எல்லாம் அந்தப் பால் போன்றவை. அன்றாடம் எடுக்கப்படுவது எவ்வளவு, திரும்ப ஊறுவது எவ்வளவு என்பதே கணக்கு. எடுத்தது ஊறி நிரம்பும் நிலைக்கு நலன் என்று பெயர். ஊறுவதற்குமுன் மீண்டும் மீண்டும் எடுக்கப்படும் நிலையில், வெளித்தோற்றம் பச்சையாக இருந்தாலும் உள்ளே வறட்சி தொடங்கிவிட்டது என்று பொருள்.

இதுவரை சொன்னவற்றில் இரண்டைப் பிடித்துக்கொண்டால் போதும். கற்றல் குறைபாடு பிள்ளையின் மூளை எழுத்தையோ எண்ணையோ கையாளும் விதத்தைச் சார்ந்தது. பெற்றோர் நலன், எடுப்புக்கும் ஊற்றுக்கும் இடையிலான சமநிலையைச் சார்ந்தது.

## உடலுக்குள் நடப்பது

ஒப்புமையை விட்டு உண்மையான இயக்கத்துக்கு வருவோம். ஆபத்து என்று மூளை கருதும் எதுவும், அது பாம்பாக இருந்தாலும் பள்ளியிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பாக இருந்தாலும், ஒரே பாதையைத் தூண்டுகிறது. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸ், அதன் கீழுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி அனுப்புகிறது. அது இரத்தத்தின் வழியாகச் சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்குச் சொல்கிறது. அவை கார்ட்டிசால் என்ற இயக்குநீரைச் சுரக்கின்றன. இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது; உடல் செயலுக்கு ஆயத்தமாகிறது. உடலின் இந்தப் பொதுவான எதிர்வினையை 1936இல் ஹான்ஸ் செல்யே விவரித்தார். நாம் நாள்தோறும் பயன்படுத்தும் மன அழுத்தம் என்ற சொல் இதைத்தான் குறிக்கிறது. பெயரில் மனம் இருந்தாலும், நடப்பதில் பெரும்பகுதி உடலில் நடக்கிறது.

இந்த ஏற்பாடு கெட்டதன்று. தீ பற்றினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடச் செய்வதும் இதுவே. சிக்கல், ஏறியது இறங்காமல் இருப்பதில் தொடங்குகிறது. இயல்பாகக் கார்ட்டிசால் காலையில் உயர்ந்து, மாலையில் தணிந்து, உடலை உறக்கத்துக்கு விடுகிறது. மாலை ஏழு மணிக்கு வீட்டுப்பாடப் போர், ஒன்பது மணிக்கு அழுகை, பதினொரு மணிக்கு "நாளைக்கு டீச்சர் என்ன சொல்வாரோ" என்ற எண்ணம் என்று ஒவ்வொரு நாளும் போனால், தணிய வேண்டிய நேரத்திலேயே உடல் தூண்டப்படுகிறது. மாதங்கள், ஆண்டுகள் என்று இது நீளும்போது உடலில் சேரும் தேய்மானத்துக்கு 1993இல் புரூஸ் மெக்யூவன், எலியட் ஸ்டெல்லர் என்ற இரு அறிஞர்கள் ஒரு பெயர் வைத்தார்கள். தமிழில் அதைத் தேய்மானச் சுமை என்று சொல்லலாம். உறக்கம் கலைவது, இரத்த அழுத்தம் உயர்வது, சர்க்கரை கட்டுக்குள் நிற்காமல் போவது, அடிக்கடி நோய்வாய்ப்படுவது ஆகியவை இந்தச் சுமையோடு தொடர்புடையவை. இனிப்புநீர் நோய் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கும் நம் சமூகத்தில் இதைச் சாதாரணமாக ஒதுக்கிவிட முடியாது.

## இந்தச் சுமை ஏன் தனி வகையானது?

எல்லாப் பெற்றோருக்கும் அழுத்தம் உண்டு. ஆனால் கற்றல் குறைபாட்டுக்குச் சில தனித்தன்மைகள் உள்ளன. முதலாவது, அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிள்ளை ஓடுகிறான், பேசுகிறான், கைப்பேசியைப் பிரித்து மாட்டுகிறான். ஆகவே ஊர் அனுதாபம் காட்டுவதற்குப் பதிலாகக் காரணம் கேட்கிறது. இரண்டாவது, அது நாள்தோறும் குறித்த நேரத்துக்கு வீட்டுக்கு வருகிறது. காய்ச்சல் வந்து போகும். வீட்டுப்பாடம் வந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவதை நான் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் இதைப் பெற்றோர் தங்களிடமே ஒப்புக்கொள்வதில்லை. 1962இல் சைமன் ஓல்ஷான்ஸ்கி என்பவர், அறிவு வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோரைப் பற்றி எழுதும்போது, அவர்களுடைய துயரம் ஒருமுறை அழுது தீர்வதாக இல்லாமல் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்திலும் திரும்ப எழுவதைக் கவனித்து, அதை இயல்பான ஒன்றென ஏற்கச் சொன்னார். கற்றல் குறைபாடு அதனினும் வேறானது என்றாலும், இந்த மீண்டெழும் துயரத்தை நம் வீடுகளிலும் காண்கிறேன். ஆறாம் ஆண்டில் எழுதும் யுபிஎஸ்ஆர் என்ற அரசுத் தேர்வு இருந்த நாட்களில், முடிவு வெளியாகும் நாள் அத்தகையது. உறவினர் வீட்டுப் பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஏ பெற்றான் என்று நாளிதழில் படம் வரும். அதன் பிறகு யார் வீட்டுக்குப் போனாலும் பேச்சு அங்கேதான் வந்து நிற்கும். அந்தத் தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. ஒப்பிடும் பழக்கம் நீங்கவில்லை. முதலாம் ஆண்டுப் பதிவு, பரிசளிப்பு விழா, இடைநிலைப் பள்ளியின் படிவம் ஒன்றுக்குச் செல்லும் நாள் ஆகிய ஒவ்வொன்றிலும் அடங்கியிருந்த துயரம் மேலெழும். அது பிள்ளையின்மேல் அன்பு குறைந்ததற்கு அடையாளம் ஆகாது.

நான்காவது, மிகவும் மறைவானது. டிஸ்லெக்சியா குடும்பவழி வருவது. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஏறக்குறைய பத்துப் பிள்ளைகளில் நான்கைந்து பேருக்கு அது வரலாம். அப்படியானால் நம்மிடையே எத்தனை தந்தைமார், புதுமுக வகுப்போடு (இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றுக்கு முந்தைய வகுப்பு) பள்ளியை விட்டு லாரிக்கோ தோட்டத்துக்கோ போனவர்கள், தங்களுக்கு இருந்த தடையின் பெயரே தெரியாமல் "எனக்குப் படிப்பு ஏறல" என்று சொல்லி வாழ்ந்திருப்பார்கள்! மகனின் புத்தகத்தைத் திறக்கும்போது அவர்களுடைய பழைய பிரம்படி நாட்களும் திறந்துகொள்கின்றன. பாடம் சொல்லிக்கொடுக்க மறுத்து வெளியே போய் உட்கார்ந்துகொள்ளும் அப்பாவை நாம் பொறுப்பற்றவர் என்று கணித்துவிடுகிறோம். அவர் தப்பித்து ஓடுவது மகனிடமிருந்தாக இருக்க வேண்டியதில்லை.

## இருவரும் சேர்ந்து சுற்றும் சுழல்

சோர்ந்த தாய் விரைவில் குரல் உயர்த்துகிறார். குரல் உயர்ந்ததும் பிள்ளையின் உடலிலும் அதே அழுத்தப் பாதை தூண்டப்படுகிறது. அந்த நிலையில் அவனுக்குத் தெரிந்த எழுத்தும் மறந்துபோகிறது. அவன் அழுகிறான், அல்லது புத்தகத்தை வீசுகிறான். தாங்காமல் அம்மா புத்தகத்தை மூடிவிடுகிறார், அல்லது தாமே எழுதி முடித்துவிடுகிறார். அந்த நொடியில் இருவருக்கும் நிம்மதி. ஆனால் வீசினால் பாடம் நின்றுவிடும் என்று பிள்ளை கற்றுக்கொள்கிறான். கத்தினால்தான் தொடங்குவான் என்று அம்மா கற்றுக்கொள்கிறார். மறுநாள் இருவரும் நேற்றைவிட ஒரு படி மேலிருந்து தொடங்குகிறார்கள்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகளின் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் திரும்பத் திரும்பக் கண்டதும் இதுவே. பெற்றோரின் அழுத்தம், குறைபாட்டின் அளவைவிடப் பிள்ளையின் நடத்தைச் சிக்கல்களோடு நெருங்கிய தொடர்புடையது. ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது. இதில் நம்பிக்கைக்கு இடமுண்டு. டிஸ்லெக்சியாவை அகற்ற முடியாது. மாலை நேரச் சண்டையை அகற்ற முடியும்.

சுருக்கமாகச் சொன்னால், அழுத்தம் தணியாமல் நீடிப்பது உடலைத் தேய்க்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு, நாள்தோறும் வரும் பாடம், ஊர்ப்பேச்சு, பழைய நினைவு ஆகியவை அதைத் தணியவிடுவதில்லை. தாயும் பிள்ளையும் ஒருவர் அழுத்தத்தை மற்றவர் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

## எங்கே கைவைக்கலாம்?

ரிச்சர்ட் லாசரஸ், சூசன் ஃபோக்மன் இருவரும் 1984இல் வெளியிட்ட விளக்கம் இங்கே உதவும். ஒரு நிகழ்வு நம்மை எவ்வளவு அழுத்துகிறது என்பது, மனம் அதைப் பற்றிக் கேட்டுக்கொள்ளும் இரண்டு கேள்விகளைப் பொறுத்தது: இது எனக்கு ஆபத்தா? இதைச் சமாளிக்க என்னிடம் ஏதாவது இருக்கிறதா? இதற்குப் பொருள்கொள்ளல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். "என் மகன் வேண்டுமென்றே என்னை அவமானப்படுத்துகிறான்" என்று பொருள்கொண்ட மாலையும், "அவன் மூளைக்கு இந்தச் சொல் இன்னும் இருபது முறை தேவை" என்று பொருள்கொண்ட மாலையும் ஒரே அளவு பால் எடுப்பதில்லை. முறையான பரிசோதனை செய்து குறைபாட்டின் பெயரைத் தெரிந்துகொண்ட பல தாய்மார் அழுதுகொண்டே நிம்மதி அடைவதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் எண்ணத்தை மாற்றினால் போதும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். முதல் கேள்விக்கு அறிவு பதில் தரும். இரண்டாம் கேள்விக்குக் கையில் ஏதாவது இருந்தாக வேண்டும். இங்கே வருவது சமூக ஆதரவு, அதாவது நம் சுமையின் ஒரு பகுதியை வேறொருவர் உண்மையாகவே எடுத்துக்கொள்வது. இதன் பொருள் நம் ஊருக்குப் புதிதன்று. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளி (நம் ஊர்ப் பணத்துக்குப் பேச்சுவழக்குப் பெயர்) கட்டிய ஒரு தொழிலாளியால் தோட்டம் வாங்க முடியாது. அப்படி ஆயிரக்கணக்கானோர் கட்டியபோது வாங்க முடிந்தது. "கவலைப்படாதே" என்ற சொல் அந்தப் பத்து வெள்ளியாகாது. செவ்வாய், வியாழன் மாலைகளில் பாட்டியோ சித்தியோ பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பத்து வெள்ளி. அப்பா வாசிக்க முடியாவிட்டாலும் சமையலையோ துணியையோ ஏற்பது பத்து வெள்ளி. ஆசிரியர், "இருபது நிமிடம் முயன்றால் போதும், எஞ்சியதை விட்டுவிட்டுக் கையொப்பமிட்டு அனுப்புங்கள்" என்று சொல்வது நூறு வெள்ளிக்குச் சமம். இதை நான் அன்று சொல்லத் தவறினேன்.

அரசு தரும் ஆதரவையும் விட்டுவிடக் கூடாது. மலேசியாவின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 2008இல் வந்தது. சமூகநல இலாகா மாற்றுத்திறனாளிகளுக்கு வழங்கும் ஓ.கே.யு. அட்டைக்கான ஏழு பிரிவுகளில் கற்றல் சிக்கலும் ஒன்று; டிஸ்லெக்சியா அதில் அடங்கும். சிறப்புக் கல்வித் திட்டத்தில் பயிலும் மாணவருக்குக் கல்வி அமைச்சு மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை வழங்குகிறது. "அட்டை எடுத்தால் பிள்ளைக்கு முத்திரை குத்திவிடுவார்கள்" என்ற அச்சம் எனக்குப் புரிகிறது. மகளின் திருமணப் பேச்சுவரை அது நீள்வதையும் அறிவேன். ஆனால் அட்டை இல்லாத பிள்ளைக்கு ஊர் ஏற்கெனவே "மக்கு" என்ற முத்திரையைக் குத்திவிட்டது. அதற்கு உதவித்தொகையும் கிடையாது. இன்னொரு வேதனையும் உண்டு. சிறப்புக் கல்வி வகுப்பு எல்லாத் தமிழ்ப்பள்ளிகளிலும் இல்லாததால், உதவி வேண்டுமானால் மலாய் வழியில் கற்பிக்கும் தேசியப் பள்ளிக்கு மாற வேண்டிய நிலை சில குடும்பங்களுக்கு வருகிறது. மொழியா உதவியா என்று ஒரு தாயை நிறுத்திக் கேட்பது கொடுமையானது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் அந்தத் தாயைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

## வறட்சி தொடங்கிவிட்டதா?

சோர்வுக்கும் நோய்க்கும் இடையே எல்லை உண்டு. நல்ல ஓய்வு நாளுக்குப் பிறகு தணிவது சோர்வு. இரண்டு வாரமோ அதற்கு மேலோ, பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டே இருப்பது, பிடித்தவற்றில்கூட நாட்டம் இல்லாமல் போவது, தூக்கமும் பசியும் மாறுவது, தான் இல்லாவிட்டால் எல்லாருக்கும் நல்லது என்ற எண்ணம் எழுவது ஆகியவை மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்ன எண்ணம் ஒருமுறை வந்தாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது.

இங்கே நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு தடை இருக்கிறது. 1911ஆம் ஆண்டிலிருந்து மனநல மருத்துவமனை இயங்கிவரும் தஞ்சோங் ரம்புத்தான் நமக்கு மிக அருகில். நாடு முழுவதும் அந்த ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. மனநல உதவி என்றதும் "என்னைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவீங்களா?" என்று ஒரு தாய் என்னிடம் நடுங்கிக் கேட்டிருக்கிறார். உதவி தேவைப்படும் பெற்றோரில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் நேர்வதில்லை. தொடக்கம் அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார கிளினிக். இரத்த அழுத்தம் பார்க்க வரிசையில் நிற்கும் அதே இடம், அதே ஒரு வெள்ளிக் கட்டணம். வெளியே போக இயலாதவர்கள் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணை அழைத்துப் பேசலாம். மருத்துவரிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்குபவர்களுக்கு நான் சொல்லித்தரும் வாக்கியம் ஒன்றுதான்: "டாக்டர், எனக்கு எத்தனை நாளாகச் சரியான தூக்கம் இல்லை என்று முதலில் சொல்கிறேன், பிறகு என் பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்." இந்த வரிசை மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.